கார் ஏசி கேஸ் வேலையில் பாதுகாப்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கார் ஏசி வேலை பழகுகிறவர்களும், வண்டியைப் பட்டறையில் விட்டுவிட்டுப் பக்கத்திலேயே நின்று பார்க்கும் உரிமையாளர்களும் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே எழுதுகிறேன். நம் சாலைகளில் ஓடும் கார்களில் பெரும்பாலானவற்றில் இருப்பது ஆர்-134ஏ என்னும் குளிரூட்டும் கேஸ். அதனால் பதில்களும் அதைச் சுற்றியே இருக்கும். வேறு கேஸ் வரும் இடத்தில் தனியாகச் சொல்கிறேன்.

ஆர்-134ஏ தீப்பிடிக்காது, விஷமும் இல்லை என்கிறார்களே. அப்புறம் எதற்கு இவ்வளவு ஜாக்கிரதை?

தீப்பிடிக்காது என்பது திறந்த வெளியில், சாதாரணக் காற்றழுத்தத்தில் சரி. ஆனால் பட்டறையில் ஆளைக் காயப்படுத்துவது தீ மட்டும் இல்லை.

முதலில் குளிர். இந்தத் திரவம் காற்றழுத்தத்தில் மைனஸ் 26 டிகிரியிலேயே கொதித்துவிடும். ஹோஸிலிருந்து தெறிக்கும் துளி விரலில் பட்டால், விரலின் சூட்டை உறிஞ்சித்தான் ஆவியாகும். தோல் வெளுத்து மரத்துப்போகும். கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து.

அடுத்தது அழுத்தம். உள்ளே திரவம் இருக்கும்வரை சிலிண்டரின் அழுத்தத்தைத் தீர்மானிப்பது வெப்பநிலைதான். 30 டிகிரியில் கேஜ் (அழுத்தமானி) சுமார் 97 பிஎஸ்ஐ காட்டும், 60 டிகிரியில் 230-ஐத் தொடும். மே மாத வெயிலில் கண்ணாடி ஏற்றிய வண்டிக்குள் கேஸ் கேனை வைத்துவிட்டுச் சாப்பிடப் போகக்கூடாது என்பது இதனால்தான்.

பலரும் மறந்துவிடுவது மூச்சு. இந்த ஆவி காற்றைவிட மூன்றரை மடங்கு கனமானது, வாசனையும் கிட்டத்தட்டக் கிடையாது. அரை கிலோ கேஸ் வெளியேறினால் சுமார் 120 லிட்டர் ஆவியாகித் தரையோடு படரும். வண்டிக்கு அடியில் குழி இருந்தால் நேராக அதற்குள்தான் இறங்கும். குழிக்குள் நிற்பவருக்கு மூச்சு முட்டுவதுகூட முதலில் தெரியாது, தலை சுற்றும், அவ்வளவுதான். ஆகவே கேஸ் வேலை நடக்கும் நேரத்தில் குழியில் யாரும் இருக்கக்கூடாது. ஷட்டரும் திறந்திருக்கட்டும்.

கையுறையும் கண்ணாடியும் உண்மையிலேயே வேண்டுமா? அனுபவசாலிகள் யாரும் போடுவதில்லையே?

வேண்டும். பக்கவாட்டிலும் மூடியிருக்கும் பாதுகாப்புக் கண்ணாடி போடுங்கள், பவர் கண்ணாடி அதற்கு ஈடாகாது. கையுறை குளிர் தாங்கும் வகையாக இருக்கட்டும். துணிக் கையுறை திரவத்தை உறிஞ்சி விரலோடு ஒட்டவைத்துக்கொள்ளும், அது வெறுங்கையைவிட மோசம்.

கேஜ் மாட்டும்போதும் கழற்றும்போதும் கையில் தெறிக்கிறது. என்ன தப்பு நடக்கிறது?

பெரும்பாலும் கழற்றும் வரிசையில்தான் தப்பு. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஆர்-134ஏ வண்டிகளில் கேஜ் மாட்டும் வாய் (போர்ட்) இரண்டு: அழுத்தம் குறைந்த லோ சைடு போர்ட் 13 மில்லிமீட்டர், அழுத்தம் கூடிய ஹை சைடு போர்ட் 16 மில்லிமீட்டர். ஹோஸ் நுனியில் இருக்கும் கப்ளர் மாறி உட்காராது. மாட்டும்போது எஞ்சின் நின்றிருக்க வேண்டும். கப்ளரின் தலைக் குமிழ் இடப்பக்கமாக முழுக்கத் திருகி, ஊசி மேலே ஏறியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். காலரை மேலே இழுத்துப் பிடித்து, போர்ட்டின் மேல் நேராக அழுத்தி, விட்டதும் 'டக்' என்று பிடிக்க வேண்டும். லேசாக ஆட்டிப் பார்த்து, பிடித்தது உறுதியான பிறகே குமிழை வலப்பக்கம் திருகுங்கள். ஊசி இறங்கிப் போர்ட்டுக்குள் இருக்கும் பின் வால்வைத் தள்ளும், கேஜ் முள் ஏறும். சாய்வாக மாட்டிவிட்டுத் திருகினால் ஓ-ரிங் ஓரத்தில் கேஸ் சீறும். அப்போது கையால் பொத்தப் பார்க்காதீர்கள். குமிழைத் திருப்பி மூடிவிட்டு விலகுங்கள்.

கழற்றுவதில்தான் கவனம் அதிகம் வேண்டும். வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போது ஹை சைடு ஹோஸ் முழுக்கச் சூடான திரவம் நிற்கும். அப்படியே இழுத்தால் அது முகத்துக்கு நேரே வரும். ஏசி ஓடும்போதே ஹை சைடு கப்ளரின் குமிழை மட்டும் திருகி மூடுங்கள். பிறகு மேனிஃபோல்டின் (கேஜ்களும் வால்வுகளும் சேர்ந்திருக்கும் கட்டை) இரண்டு வால்வையும் மெதுவாகத் திறந்தால், ஹோஸில் நின்ற திரவத்தை லோ சைடு வழியாகக் கம்ப்ரஸரே இழுத்துக்கொள்ளும். இரண்டு முள்ளும் ஒரே அளவுக்கு இறங்கியதும் லோ சைடு குமிழையும் மூடி, எஞ்சினை நிறுத்திவிட்டுக் கழற்றுங்கள். கையில் தெறிக்காது, வாடிக்கையாளர் காசு கொடுத்த கேஸும் வண்டிக்குள்ளேயே நிற்கும்.

பிளாஸ்டிக் மூடியை மறக்காமல் போடுங்கள். அது தூசிக்கு மட்டும் இல்லை. உள்ளே பின் வால்வு லேசாகக் கசிந்தாலும் தடுத்து நிறுத்துவது அந்த மூடியில் இருக்கும் ரப்பர்தான்.

வண்டி ஆஃபில் இருக்கும்போது கேஜ் 90 பிஎஸ்ஐ காட்டுகிறது. கேஸ் ஃபுல் என்று சொல்லலாமா?

சொல்ல முடியாது. உள்ளே 100 கிராம் திரவம் இருந்தாலும் 500 கிராம் இருந்தாலும் அதே வெப்பநிலையில் அதே அழுத்தம்தான் இருக்கும். முள் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் இருந்தால் காலி என்று தெரியும், அவ்வளவுதான் அதன் உபயோகம். ஓடும்போது காட்டும் அளவும் வெயில், ஃபேன் வேகம், எஞ்சின் வேகம் எல்லாவற்றையும் பொறுத்து மாறும். கேஸ் அளவு சரியா என்று தெரிய ஒரே வழி, இருப்பதை முழுக்க எடுத்து எடை பார்த்து, பானெட்டுக்கு அடியில் லேபிளில் எழுதியிருக்கும் கிராம் கணக்குக்குத் திரும்பப் போடுவது. சின்னக் கார்களுக்கு 300 முதல் 500 கிராம் வரை பிடிக்கும். அந்த அளவில் 100 கிராம் கூடினாலே ஹை சைடு அழுத்தம் தாறுமாறாக ஏறும்.

வருஷத்துக்கு ஒரு தடவை கேஸ் டாப்-அப் செய்ய வேண்டுமா?

வேண்டாம். ஏசி கேஸ் பெட்ரோல் மாதிரி எரிந்து தீர்வது இல்லை. மூடிய குழாய்க்குள் சுற்றிக்கொண்டே இருப்பது. ரப்பர் ஹோஸ் வழியாகவும் ஓ-ரிங் வழியாகவும் வருடத்துக்குக் கொஞ்சம் கிராம் போகலாம். ஒவ்வொரு கோடையிலும் கூலிங் குறைகிறது என்றால் எங்கோ லீக் இருக்கிறது. லீக்கைப் பார்க்காமல் மேலே மேலே அடிப்பது வாடிக்கையாளர் பணத்தைக் காற்றில் விடுவதற்குச் சமம். கேஸோடு ஆயிலும் கசிந்து போவதால் கம்ப்ரஸரும் சீக்கிரம் போகும். இந்த 'டாப்-அப்' பழக்கத்தை நம் பட்டறைகள் விட்டால், பாதிப் பிரச்சினை அதோடு தீரும்.

லீக் பார்க்க ஏர் கம்ப்ரஸர் காற்றை அடிக்கலாமா? ஆக்ஸிஜன்?

ஆக்ஸிஜன் கூடவே கூடாது. குழாய்க்குள் ஆயில் இருக்கிறது. அழுத்தமான ஆக்ஸிஜனும் ஆயிலும் சேர்ந்தால் வெடிக்கும். பக்கத்தில் கேஸ் வெல்டிங் சிலிண்டர் நிற்கிறது, கைக்கு எட்டுகிறது என்பதற்காக அதை மாட்டிவிடுவது உயிரோடு விளையாடுவது.

காற்றும் வேண்டாம். ஈரம் உள்ளே போவது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், திறந்த வெளியில் எரியாத ஆர்-134ஏ, அழுத்தத்தில் காற்றோடு கலந்தால் எரியக்கூடியதாக மாறலாம். தயாரிப்பாளர்களே இந்த எச்சரிக்கையைக் கொடுக்கிறார்கள்.

உலர்ந்த நைட்ரஜன்தான் சரி. ரெகுலேட்டர் இல்லாமல் மட்டும் மாட்டாதீர்கள். நிறைந்த நைட்ரஜன் சிலிண்டருக்குள் சுமார் 2,200 பிஎஸ்ஐ இருக்கும், அது நேராகக் கூலிங் காயிலுக்குள் போனால் கிழிந்துவிடும். ரெகுலேட்டரில் 150 பிஎஸ்ஐ வைத்தால் போதும். 45 டிகிரிச் சூட்டில் நிற்கும் காரில் கேஸ் தானாகவே எட்டும் அழுத்தம் அது. பிறகு சோப்பு நுரை போட்டு ஒவ்வொரு ஜாயிண்டாகப் பாருங்கள். வண்டியின் முன்பக்கம் சூட்டை வெளிவிடும் கண்டென்சரின் கீழ் ஓரம், கம்ப்ரஸர் ஷாஃப்ட் சீல், ஓ-ரிங் ஜாயிண்டுகள் ஆகிய இடங்களில் எண்ணெய்ப் பிசுக்கோடு தூசி படிந்திருந்தால் அங்கிருந்து தொடங்குங்கள்.

பழைய கேஸ் கொஞ்சம்தான் இருக்கிறது. காற்றில் திறந்துவிட்டால் என்ன?

எல்லாப் பட்டறையிலும் நடப்பது இதுதான். ஏன் கூடாது என்று கணக்காகவே சொல்கிறேன். ஆர்-134ஏ ஓசோனைக் கெடுக்காது. பழைய ஆர்-12 கெடுத்தது என்பதால்தான் 1987 மாண்ட்ரியல் ஒப்பந்தத்துக்குப் பிறகு உலகமே இதற்கு மாறியது. ஆனால் பூமியைச் சூடாக்குவதில், நூறு ஆண்டுக் கணக்கில், ஒரு கிலோ ஆர்-134ஏ சுமார் 1,430 கிலோ கார்பன் டை ஆக்ஸைடுக்குச் சமம். ஒரு காரில் இருக்கும் 450 கிராமைத் திறந்துவிட்டால் ஏறத்தாழ 640 கிலோ ஆகிறது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் வருவது சுமார் 2.3 கிலோ. அப்படியானால் ஐந்து நிமிடத்தில் நீங்கள் திறந்துவிட்டது 280 லிட்டர் பெட்ரோலை எரித்ததற்கு ஈடு. லிட்டருக்கு 15 கிலோமீட்டர் ஓடும் வண்டி என்றால் சென்னைக்கும் மதுரைக்கும் நாலு முறைக்கு மேல் போய்வந்த புகை.

அமெரிக்காவில் 1995 முதலே இதைக் காற்றில் விடுவது சட்டப்படி குற்றம். இந்தியா 2021-இல் அதே மாண்ட்ரியல் ஒப்பந்தத்தின் கிகாலி திருத்தத்தை ஏற்றுக்கொண்டது. அதன்படி ஆர்-134ஏ போன்ற கேஸ்களின் பயன்பாட்டு அளவு 2028-இல் அதற்கு மேல் கூடாதபடி நிறுத்தப்பட்டு, 2032 முதல் படிப்படியாகக் குறைய வேண்டும். எடுத்துச் சேர்த்து வைக்கும் கேஸ் அப்போது காசாகவே பார்க்கப்படும்.

கேஸைக் காற்றில் விடாமல் சேர்த்தெடுக்கும் ரெகவரி மெஷின் வாங்க வசதி இல்லை. என்ன செய்வது?

கேஸ் எடுப்பது, வேக்யூம் போடுவது, எடை பார்த்து அடிப்பது எல்லாம் ஒன்றாக இருக்கும் பெரிய மெஷின் எல்லோராலும் வாங்க முடியாதுதான். ஆனால் வீட்டு ஏசிக்காரர்கள் பயன்படுத்தும் சின்ன ரெகவரி யூனிட் காருக்கும் ஆகும். ஒரே தெருவில் நாலு பட்டறை சேர்ந்து ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளலாம். கூடவே, திரும்ப நிரப்புவதற்கென்றே செய்த ரெகவரி சிலிண்டர் ஒன்றும், எடை மெஷின் ஒன்றும் வேண்டும்.

சிலிண்டர் விஷயத்தில் மட்டும் சமாதானம் செய்துகொள்ளாதீர்கள். புதுக் கேஸ் வரும் 13.6 கிலோ சிலிண்டர்களில் பெரும்பாலானவை ஒருமுறைப் பயன்பாட்டுக்கானவை, தகடு மெல்லியது. அதில் திரும்ப அடைத்தால் துருப்பிடித்து ஒருநாள் வெடிக்கும். சரியான சிலிண்டரிலும் 80 சதவீதத்துக்கு மேல் திரவம் ஏற்றக்கூடாது. 12 லிட்டர் சிலிண்டர் என்றால் 11 கிலோவில் நிறுத்திவிடுங்கள். மேலே இடம் இல்லாமல் திரவம் முழுக்க அடைந்துவிட்டால், நாலைந்து டிகிரி சூடு ஏறினாலே திரவம் விரிந்து எஃகையே பிளக்கும். ஆவிக்கு இடம் விடுவது அதற்காகத்தான்.

ஒரு சிலிண்டருக்கு ஒரு கேஸ். மேலே பெயிண்டில் பெயர் எழுதுங்கள். எதில் என்ன இருக்கிறது என்று தெரியாத சிலிண்டரை எந்த வண்டியிலும் அடிக்கக்கூடாது.

கேஸ் அடிப்பதற்கு முன் பம்ப் வைத்து உறிஞ்சி வேக்யூம் (வெற்றிடம்) எவ்வளவு நேரம் போட வேண்டும்?

குறைந்தது அரை மணி நேரம். மழைக்காலத்திலும், சிஸ்டம் நாள்கணக்கில் திறந்து கிடந்த வண்டிக்கும் ஒரு மணி நேரம்கூடப் போடலாம். வேக்யூமின் வேலை காற்றை எடுப்பது மட்டும் இல்லை, உள்ளே இருக்கும் ஈரத்தைக் கொதிக்கவைத்து வெளியேற்றுவதும்தான். 30 டிகிரியில் தண்ணீர் கொதிக்க வேண்டுமென்றால் வேக்யூம் கேஜ் 28.7 அங்குலத்தை (பாதரசக் கணக்கில்) தாண்ட வேண்டும். தேய்ந்த பம்ப் 27-இல் நின்றுவிட்டால் இரண்டு மணி நேரம் ஓடவிட்டும் பயன் இல்லை. ஈரம் தங்கினால் கேஸோடு சேர்ந்து அமிலமாகி அலுமினியத்தை அரிக்கும், கேஸ் குறுகிய துளை வழியாகப் பாயும் எக்ஸ்பான்ஷன் வால்வில் உறைந்து அடைக்கவும் செய்யும்.

ஊட்டியிலோ கொடைக்கானலிலோ வேலை செய்கிறவர்கள் கவனிக்க: அங்கே காற்றழுத்தமே குறைவு. நல்ல பம்ப் போட்டாலும் கேஜ் 23 அங்குலத்துக்குப் பக்கத்தில்தான் நிற்கும். அதைப் பார்த்து லீக் என்று நினைக்க வேண்டாம். மலை ஊருக்கு, உள்ளே மிஞ்சியிருக்கும் அழுத்தத்தையே நுணுக்கமாக அளக்கும் மைக்ரான் கேஜ் நல்லது.

பம்பை நிறுத்தி, வால்வை மூடிப் பத்து நிமிடம் விடுங்கள். முள் அசையாமல் நின்றால்தான் கேஸ் அடிக்க வேண்டும்.

கேஸ் ஏற மாட்டேன் என்கிறது. கேனைக் கொதிக்கும் தண்ணீரில் வைக்கலாமா?

கூடாது. கை பொறுக்கும் சூட்டில், 40 டிகிரி அளவில், ஒரு வாளித் தண்ணீர் போதும். சிலிண்டரோ கேனோ 52 டிகிரியைத் தாண்டக்கூடாது. டார்ச் காட்டுவதும், ஓடும் எஞ்சின் மேல் வைப்பதும் எமனை அழைப்பது.

இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. எஞ்சின் ஓடும்போது மேனிஃபோல்டின் ஹை சைடு வால்வைத் திறந்தால், 200 பிஎஸ்ஐக்கு மேல் இருக்கும் அழுத்தம் நேராகக் கேனுக்குள் பாயும். மெல்லிய தகரம், கையில் பிடித்திருப்பீர்கள், பிய்த்துக்கொண்டு போகும். வேக்யூம் முடிந்ததும், எஞ்சின் ஓடாதபோது ஹை சைடு வழியாகத் திரவமாக ஏற்றலாம். சாவி போடுவதற்கு முன் அந்த வால்வை மூடிவிட்டோமா என்று கையால் தொட்டுப் பாருங்கள். மிச்சத்தைக் கேனை நிமிர்த்திப் பிடித்து லோ சைடு வழியாக ஆவியாகக் கொடுங்கள். ஓடும்போது கவிழ்த்தால் திரவமே கம்ப்ரஸருக்குள் போய் அதை உடைக்கும்.

ஆர்-22 விலை குறைவு. எல்பிஜி அடித்தால் கூலிங் இன்னும் நன்றாக வருகிறது என்கிறார்களே?

ஆர்-22 வீட்டு ஏசிக்கு உரியது. 40 டிகிரியில் ஆர்-134ஏ சுமார் 133 பிஎஸ்ஐ என்றால் ஆர்-22 ஏறத்தாழ 208. கார் ஹோஸும் சீலும் அதற்காகச் செய்தவை இல்லை. காரில் இருக்கும் ஆயிலோடும் அது ஒத்துப்போகாது.

எல்பிஜி குளிரும், உண்மைதான். ஆனால் கூலிங் காயில் இருப்பது டேஷ்போர்டுக்குள், நீங்கள் உட்காரும் இடத்தில். அங்கே லீக் ஆனால் மூடிய காருக்குள் எரிவாயு நிரம்பும். ஒரு சுவிட்ச் பொறி போதும். அதற்கென வடிவமைக்காத காரில் அதை அடிப்பதை நான் குற்றமாகவே பார்க்கிறேன்.

போலி கேஸும் இருக்கிறது. ஆர்-134ஏ என்று லேபிள் ஒட்டி, உள்ளே மெத்தில் குளோரைடு கலந்து விற்கிறார்கள். அது அலுமினியத்தோடு வினைபுரிந்து, காற்றுப் பட்டாலே தீப்பற்றும் பொருளை உண்டாக்கும். 2011-இல் வியட்நாமில் இப்படிக் கலப்பட கேஸ் அடித்த கப்பல் குளிர்பதனப் பெட்டகங்கள் வெடித்து ஆட்கள் இறந்தார்கள். நம் கார்களின் கண்டென்சரும் கூலிங் காயிலும் கம்ப்ரஸர் உடம்பும் அலுமினியம்தான். சந்தை விலையைவிடப் பாதிக்குக் கிடைக்கும் கேனைத் தொடவே தொடாதீர்கள்.

பக்கத்தில் வெல்டிங் நடக்கலாமா? சிகரெட்?

இரண்டும் வேண்டாம். ஆர்-134ஏ நெருப்பில் பட்டால் சிதைந்து ஹைட்ரஜன் ஃபுளோரைடு வரும். ஈர நுரையீரலில் அது அமிலம். பழைய ஆர்-12, ஆர்-22 என்றால் பாஸ்ஜீனும் சேரும். தீப்பிடித்து எரிந்த வண்டியின் ஏசி பாகங்களையும் வெறுங்கையால் தொடாதீர்கள்.

பட்டுவிட்டது. உடனே என்ன செய்ய வேண்டும்?

தோலில் பட்டால் தேய்க்காதீர்கள், வெந்நீர் ஊற்றாதீர்கள், அடுப்பில் காட்டாதீர்கள். வெதுவெதுப்பான தண்ணீரில், 37 முதல் 40 டிகிரிக்குள், கையை வைத்திருங்கள். துணி ஒட்டியிருந்தால் பிய்க்காமல் தண்ணீரில் இளகவிடுங்கள். கண் என்றால் இமையைத் திறந்து பிடித்து 15 நிமிடம் சுத்தமான தண்ணீர் விட்டுக்கொண்டே இருந்து, வலி குறைந்தாலும் கண் மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.

மூச்சில் போய் மயங்கினால் திறந்த வெளிக்குத் தூக்கி வந்து 108-ஐ அழையுங்கள். குழிக்குள் விழுந்தவரைத் தூக்க நீங்களும் குதித்தால் இரண்டு பேர் விழுவீர்கள். முதலில் ப்ளோயர் போட்டுக் குழியைக் காற்றோட்டமாக்குங்கள். மருத்துவரிடம் 'ஏசி கேஸை மூச்சில் இழுத்துவிட்டார்' என்று கட்டாயம் சொல்லுங்கள். அதிக அளவில் இந்த ஆவியை இழுத்தவரின் இதயம் அட்ரினலினுக்குத் தடுமாறும். அதைத் தெரிந்துகொண்டால்தான் எந்த மருந்து கொடுப்பது என்று அவரால் முடிவெடுக்க முடியும்.

ஆர்-1234ஒய்எஃப் வண்டி வந்தால்?

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2017 முதல் புதுக் கார்களில் ஆர்-134ஏ கிடையாது. அதற்குப் பதில் வந்த கேஸ்களில் முக்கியமானது இது. வெளிநாட்டுச் சொகுசு வண்டிகள் சிலவற்றில் இங்கேயும் பார்க்கலாம். இது லேசாகத் தீப்பிடிக்கும் வகை. போர்ட் வேறு, மெஷினும் தனி. விலை அதிகம் என்று அதில் ஆர்-134ஏ-வை அடாப்டர் போட்டு ஏற்றாதீர்கள். சரியான மெஷின் இல்லையென்றால் வண்டியை ஏற்காமல் இருப்பதே நேர்மை.

எலெக்ட்ரிக் கார், ஹைப்ரிட் கார்?

கம்ப்ரஸருக்குப் போவது பெல்ட் இல்லை, ஆரஞ்சு நிறக் கேபிள். பெரும்பாலான எலெக்ட்ரிக் கார்களில் அதில் ஓடுவது 300 வோல்ட் அளவுக்கு. அதற்கான பயிற்சி இல்லாதவர் அந்தக் கேபிளைத் தொடவே கூடாது. பயிற்சி உள்ளவரும் பேட்டரி இணைப்பைத் துண்டிக்கும் சர்வீஸ் பிளக்கை எடுத்துவிட்டு, மேனுவல் சொல்லும் நேரம் காத்திருந்து, மீட்டரில் பூஜ்யம் பார்த்த பிறகுதான் தொட வேண்டும்.

ஆயிலும் வேறு. கம்ப்ரஸருக்குள் மோட்டார் சுருள் ஆயிலிலேயே நனைந்திருப்பதால் மின்சாரம் கடத்தாத பிஓஇ வகை ஆயில் போடுகிறார்கள். சாதாரணக் காரின் பிஏஜி ஆயில் கொஞ்சம் கலந்தாலும் காப்பு கெட்டு வண்டி பிழைக் குறியீடு காட்டி நிற்கலாம். பிஏஜி ஓடிய ஹோஸை அப்படியே எடுத்து மாட்டுவதும் கலப்பதுதான்.

நான் மெக்கானிக் இல்லை. வண்டி விடும்போது எதைப் பார்க்க வேண்டும்?

எடை மெஷின் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் கேஸ் அளவு அவர்களுக்கே தெரியாது. கேனின் சீல் உங்கள் முன்னால் உடைக்கப்படட்டும். லீக் எங்கே என்று காட்டச் சொல்லுங்கள், 'கேஸ் குறைஞ்சிருக்கு சார்' என்பது பதில் ஆகாது. பில்லில் எடுத்த கேஸ் எத்தனை கிராம், போட்டது எத்தனை கிராம் என்று இரண்டும் எழுதி வாங்குங்கள். எடுத்த அளவும் லேபிள் அளவும் கிட்டத்தட்ட ஒன்றாக இருந்தால் உங்கள் வண்டியில் கேஸ் குறையவே இல்லை. கண்டென்சர் ஃபேன் ஓடுகிறதா, கண்டென்சரில் மண் அடைத்திருக்கிறதா, கேபின் ஃபில்டர் மாற்றி எவ்வளவு நாளாகிறது என்று பார்க்கச் சொல்லுங்கள்.